மேசையைத் தட்டியது கேலிக்காக அல்ல

தென் மாவட்டச் சிறுநகரம் ஒன்றைச் சேர்ந்த 20 வயது மாணவி எழுதிய நாலு பக்கக் கடிதம் இது. கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். கல்லூரியின் பரிமாற்றத் திட்டத்தில் ஒரே ஒரு செமஸ்டர் படிக்க, அக்டோபர் முதல் வாரம் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரத்துக்குப் போயிருக்கிறார். ஆறு வாரம் ஆகிறது. அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

விடுதியில் நாலு அறைக்கு ஒரு சமையலறை. மூன்றாவது வாரம் அந்தச் சமையலறை அலமாரியில் ஜெர்மன் மொழியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால், 'சமைத்த பிறகு தயவுசெய்து ஜன்னலைத் திறக்கவும்.' அன்றோடு தாளிப்பதை விட்டுவிட்டார். பிரெட், தயிர், ஆப்பிள் என்று ஓடுகிறது. ஒரு வகுப்பில் முதன்முறையாக எழுந்து பேசி முடித்ததும் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கேலி செய்கிறார்கள் என்று நினைத்து அந்த வகுப்புக்கே இரண்டு வாரம் போகவில்லை. பேசியதற்குக் கிடைத்த மதிப்பெண் 2.3. "எட்டரை சிஜிபிஏ வைத்திருந்த நான் இரண்டேகால் வாங்கியிருக்கிறேன்" என்று எழுதுகிறார். ஊரில் அம்மா காலை ஐந்து மணிக்கு எழுவார். அவரோடு பேசுவதற்காகத் தினமும் இரவு பன்னிரண்டரை வரை விழித்திருக்கிறார். பேச்சு ஒன்றரை மணி நேரம் போகும். அம்மாவின் சங்கிலியும் வளையலும் இவருக்காக அடகில் இருக்கின்றன. இன்ஸ்டாகிராமில் போடும் படங்களில் மட்டும் சிரிக்கிறார். வேறு கல்லூரி சீனியர் ஒருவர், உணவகச் சமையலறையில் மணிக்கு 9 யூரோ ரொக்கமாகத் தருவார்கள், வா என்கிறார். ஆலோசகரைப் பார்க்கலாம் என்றால் கல்லூரிக்கும் விசா அலுவலகத்துக்கும் தகவல் போய்விடும் என்று பயம். டிசம்பரிலேயே திரும்பிவிடலாமா? திரும்பினால் விசா கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறுமா? விசாவுக்காக வங்கிக் கணக்கில் முடக்கி வைத்த பணம் போய்விடுமா? கடைசி வரி இது: "காலையில் எழுந்திருக்கவே வேண்டாம் போல இருக்கிறது, மேடம்."

அன்புள்ள தங்கைக்கு,

என் மகள் வயதுதான் உங்களுக்கு. இருந்தாலும் 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். முடிவை எடுக்கப்போவது நீங்கள்தான்.

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். எழுந்திருக்க வேண்டாம் என்பது, அலுப்பில் இன்னும் கொஞ்சம் போர்த்திக்கொண்டு படுக்கலாம் என்கிற அர்த்தமா? அல்லது, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்கிற அர்த்தமா? இப்படி நேராகக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இரண்டாவது அர்த்தம் கொஞ்சம் இருந்தாலும், இந்தப் பதிலின் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இன்றே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கே மனம் நொந்தவர்களுக்கான உதவி எண் 0800 111 0 111. அதில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் 112. டாக்டர் கிளினிக்குகள் மூடியிருக்கும் நேரத்தில், அவசரம் அவ்வளவு இல்லை, ஆனால் காத்திருக்கவும் முடியாது என்றால் 116117. மூன்றையும் போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.

முதல் அர்த்தம்தான் என்றால், மேலே பேசலாம்.

சீட்டும் மேசையும் 2.3-ம்

மேசையைத் தட்டியது கைதட்டல். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் வகுப்பு முடிந்தால், ஒருவர் நன்றாகப் பேசினால், விரல் முட்டியால் மேசையைத் தட்டிப் பாராட்டுவது பழைய வழக்கம். பேராசிரியர்களுக்கும் அப்படித்தான் தட்டுவார்கள். உங்களுக்கு அன்று அரங்கமே கைதட்டியிருக்கிறது. நீங்கள் இரண்டு வாரம் அறைக்குள் ஒளிந்துகொண்டீர்கள். கடிதத்தில் இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

2.3-ம் அந்தக் கதைதான். அங்கே 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி. எண் குறையக் குறைய நல்லது. 1.6 முதல் 2.5 வரை 'நன்று' என்ற வகை. புதிய நாட்டில், தாய்மொழி அல்லாத மொழியில், முதல் பேச்சுக்கு 'நன்று' வாங்கியிருக்கிறீர்கள். இதற்கு அழுதது போதும்.

சீட்டு விஷயம் இவ்வளவு சுலபமில்லை. நான் படித்த காலத்தில் அந்த நாட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்திருக்கிறேன். ஒரு நாள் என் கதவில் சீட்டு: குப்பையைத் தவறான தொட்டியில் போட்டுவிட்டேனாம். மூன்று நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாலாம் நாள் அதே கையெழுத்தில் எதிர் அறைக் கதவிலும் ஒரு சீட்டு. அங்கே இருந்தவர் அதே ஊரில் பிறந்து வளர்ந்த ஜெர்மானியர்! முகத்துக்கு நேரே சொன்னால் மரியாதைக் குறைவு, எழுதி ஒட்டினால் பரவாயில்லை என்று நினைக்கும் ஊர் அது. நமக்கு நேர் எதிர். நம் ஊரில் எழுதி ஒட்டினால் சண்டை முற்றிவிட்டது என்று பொருள்.

ஜன்னலைத் திறப்பதும் அங்கே கிட்டத்தட்ட ஒரு மதம். குளிருக்காக எல்லாவற்றையும் இறுக மூடிய கட்டடங்கள். ஆவி வெளியே போகாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அதனால் காலையும் மாலையும் ஐந்து பத்து நிமிடம் ஜன்னலை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுவார்கள். முட்டை பொரித்தாலும் திறப்பார்கள். 'தயவுசெய்து' என்று தொடங்கும் அந்தச் சீட்டில் உங்கள் பெயரும் இல்லை, உங்கள் நாடும் இல்லை. கடுகு தாளியுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளியுங்கள்.

அதற்காக அங்கே இனவெறியே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். அது பொய். உங்களை மட்டும் குறிவைத்துத் திரும்பத் திரும்ப நடந்தால், நிறத்தையோ நாட்டையோ சொல்லிப் பேசினால், உங்கள் சாமானில் கை வைத்தால், அது ஜன்னல் பிரச்சினை அல்ல. தேதி போட்டு எழுதி வையுங்கள். சீட்டோ குறுஞ்செய்தியோ இருந்தால் படம் எடுத்து வையுங்கள். பிறகு பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்திலோ சமத்துவ அலுவலகத்திலோ சொல்லுங்கள். 2006-இல் வந்த சமநடத்தைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசே பாகுபாட்டுக்கு எதிரான ஓர் அலுவலகம் நடத்துகிறது. அங்கே ஆலோசனை கேட்பதற்குக் காசில்லை. இதெல்லாம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். உங்கள் கடிதத்தில் உள்ள சீட்டுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பன்னிரண்டரை மணி போன்

நீங்கள் எழுதிய மற்றதை எல்லாம்விட என்னை யோசிக்க வைத்தது இதுதான். குளிர்காலத்தில் நம் ஊருக்கும் அங்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அம்மாவின் ஐந்து மணி உங்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. பேசி முடித்து, அழுது முடித்து, தூங்க மூன்று மணி. எழுந்திருக்கப் பதினொன்று. நவம்பரில் அங்கே நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். டிசம்பரில் விடியவே எட்டரை ஆகும். அப்படியென்றால் நீங்கள் ஒரு நாளில் பார்க்கும் வெளிச்சம் எவ்வளவு? ஐந்து மணி நேரம், அதுவும் மேகத்துக்குப் பின்னால். வெயிலில் வளர்ந்த உடம்பு இதைத் துக்கம் என்றே எடுத்துக்கொள்ளும். மனம் சோர்ந்ததால் தூக்கம் கெட்டதா, தூக்கம் கெட்டதால் மனம் சோர்ந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டில் கையில் பிடிக்கக் கூடியது தூக்கம்தான்.

இன்னொன்று. அங்கே இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம். பக்கத்து அறைப் பெண் இரண்டு முறை சுவரைத் தட்டினாள், அவளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நள்ளிரவில் ஒன்றரை மணி நேரம் அழுகையும் பேச்சும் சுவர் வழியாகக் கேட்டால் எனக்கும் தட்டத் தோன்றும் தங்கை. (இந்தத் தட்டல் பாராட்டு இல்லை, சரி.)

அம்மாவோடு பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறேன். உங்கள் மதியம் இரண்டரை, ஊரில் இரவு ஏழு. வகுப்புக்கு நடுவே இருபது நிமிடம், வெளியே நடந்துகொண்டே. நடந்துகொண்டே என்பதை அழுத்திச் சொல்கிறேன்; இருக்கிற வெளிச்சமும் கிடைக்கும், அம்மாவுக்கு வீடியோவில் ஊரையும் காட்டலாம். உங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டே ஓடும் ரயில் 1984-இலிருந்து இருக்கிறதே, அதைக் காட்டினீர்களா? இரவு பதினொன்றரைக்குப் படுக்கை. இரண்டு வாரம் செய்து பார்த்தும் தூக்கமும் சாப்பாடும் திரும்பாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு மாதாமாதம் கட்டுகிறீர்கள் அல்லவா, அதற்குத்தானே.

இந்த அழைப்புகளில் அம்மாவிடம் என்ன பேசுகிறீர்கள் என்று கவனித்தேன். சாப்பிட்டாச்சா, கோயிலுக்குப் போனாயா, குளிருதா. எல்லாவற்றுக்கும் ஆமாம். ஒன்றரை மணி நேரம் பேசியும் ஒரு உண்மை வார்த்தை இல்லை. அதுதான் களைப்பு. அடகில் இருக்கும் சங்கிலி உங்கள் வாயைக் கட்டியிருக்கிறது: இவ்வளவு செலவு செய்தவர்களிடம் கஷ்டமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஆனால் அவர்கள் அந்த நகையை வைத்தது நீங்கள் படிப்பதற்கு. சந்தோஷமாக இருப்பதாக நடிப்பதற்கு இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "இங்கே எனக்குத் தனியாக இருக்கிறது, ஆனால் சமாளிக்கிறேன்" என்ற அளவுக்குச் சொல்லிப் பாருங்கள்.

கோயில் பற்றி அம்மா கேட்பதால் சொல்கிறேன். உங்கள் ஊரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் ஹாம் என்ற நகரம். அதன் ஊன்ட்ராப் பகுதியில், தொழிற்பேட்டைக்கு நடுவே, இலங்கைத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் ராஜகோபுரத்தோடு நிற்கிறது. 2002-இல் குடமுழுக்கு ஆனது. பக்தி உண்டோ இல்லையோ, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாலு பேர் தமிழில் பேசுவது காதில் விழுந்தால் மனதுக்கு இதமாக இருக்கும். மாணவர் அட்டையோடு வரும் பயணச்சீட்டு வட்டார ரயில்களுக்குச் செல்லும். அதிவேக ரயிலில் மட்டும் ஏறிவிடாதீர்கள்.

யாரும் ஏன் தேடி வருவதில்லை

இரண்டு வாரம் வகுப்புக்குப் போகாமல் இருந்தும் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை, அதனால் நான் அங்கே யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை என்கிறீர்கள். கோவையில் என்றால் மூன்றாம் நாளே வீட்டுக்குப் போன் போயிருக்கும், உண்மைதான். அங்கே ஆய்வுக்கூடங்கள், சில சிறு வகுப்புகள் தவிர வருகைப் பதிவே பெரும்பாலும் கிடையாது. வருவதும் வராததும் வயது வந்தவரின் சொந்த விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கே அது பல நாள் அலட்சியமாகத்தான் பட்டது. ஆனால் அதே ஆட்களிடம் போய் 'எனக்கு இது புரியவில்லை' என்று கேட்டுப் பாருங்கள், உட்காரவைத்து நிதானமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு பேராசிரியருக்கும் மாணவரைச் சந்திக்கும் நேரம் என்று ஒன்று உண்டு. மின்னஞ்சலில் நேரம் கேளுங்கள்.

உடனே செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ஐந்து பாடம் எடுத்திருக்கிறீர்கள், 30 கிரெடிட். ஜெர்மனியில் ஒரு கிரெடிட் என்றால் சுமார் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு; மொத்தம் 900 மணி நேரம். உள்மதிப்பீடு, மாதத் தேர்வு என்று நடுவில் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும் ஒரே தேர்வுதான். ஐந்தும் தேவையா? உங்கள் கோவைக் கல்லூரி எத்தனையை ஏற்கும், எத்தனை கட்டாயம் என்று அங்குள்ள ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். புறப்படும் முன் கையெழுத்திட்ட பாட ஒப்பந்தத்தை இரு பக்கமும் சம்மதித்தால் மாற்றலாம். ஐந்தில் தடுமாறுவதைவிட மூன்றில் தேறுவது எவ்வளவோ மேல்.

தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது தெரியுமல்லவா? வகுப்பில் சேர்ந்தால் ஹால்டிக்கெட் தானாக வரும் வழக்கம் அங்கே இல்லை. கடைசித் தேதி போய்விட்டால் எவ்வளவு படித்திருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். இன்றே பாருங்கள்.

ரொக்க வேலை வேண்டாம்

மாணவர் வேலை பார்ப்பதே குற்றம், அதனால்தான் சீனியர் ரகசியமாகச் சொல்கிறார் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்த மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம். 2024 மார்ச்சில் இந்த அளவைக் கூட்டினார்கள். உங்கள் விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2025-இல் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ, 2026 ஜனவரி முதல் 13.90. ஆக, 9 யூரோ தருகிறேன் என்பவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை, உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். கணக்கில் வராத வேலையில் கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டினால், சட்டப்படி வேலையிடக் காப்பீடு இருந்தாலும், அங்கே வேலை செய்தீர்கள் என்று நிரூபிப்பதே கஷ்டமாகிவிடும். சோதனையில் பிடிபட்டால் அங்கே தங்கும் உரிமைக்கே கேடு. நீங்கள் பயப்படும் விசா ஆபத்து ஆலோசகர் அறையில் இல்லை, இந்தச் சமையலறையில்தான் இருக்கிறது.

அந்த ஆலோசகர் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். மாணவர் நலச் சேவை அமைப்பு நடத்தும் உளவியல் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில் பேசலாமா என்று நேரம் வாங்கும்போதே கேளுங்கள், பல இடங்களில் முடியும். நீங்கள் சொல்வதை வெளியே சொன்னால் ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 203-ஆம் பிரிவின்படி அது அவர்கள் செய்யும் குற்றம். கல்லூரிக்கும் போகாது, விசா அலுவலகத்துக்கும் போகாது. காத்திருப்போர் வரிசை இருக்கலாம், ஆகவே இந்த வாரமே எழுதுங்கள்.

டிசம்பரில் திரும்புவதா

திரும்புவது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. உடல்நிலையோ மனநிலையோ தாங்காது என்று அங்குள்ள மருத்துவரோ ஆலோசகரோ சொன்னால் திரும்ப வேண்டியதுதான். படிப்பைப் பாதியில் நிறுத்தி முறைப்படி நாடு திரும்பியதற்காக யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. முடக்கி வைத்த கணக்கில் இருப்பது உங்கள் பணம். மாதம் 992 யூரோ வீதம் ஆறு மாதத்துக்கு 5,952 போட்டிருப்பீர்கள். எடுத்தது போக மீதி, கேட்கும் சான்றுகளைக் கொடுத்தால் திரும்பி வரும். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். கிளம்பும்போது நகராட்சியில் முகவரிப் பதிவை நீக்கிவிட்டு வர வேண்டும்.

உண்மையான நஷ்டம் வேறு இடங்களில். விடுதி ஒப்பந்தம் பெரும்பாலும் மார்ச் வரை என்று இருக்கும். நடுவில் கிளம்பினால் வாடகையைக் கட்டச் சொல்லலாம். உதவித்தொகை வாங்கியிருந்தால் திருப்பிக் கேட்கலாம். இந்த செமஸ்டரின் கிரெடிட் இல்லாமல் கோவையில் எந்த ஆண்டில் சேர்ப்பார்கள் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், இப்போது முடிவெடுக்க வேண்டாம். நீங்கள் தூங்காமல், சாப்பிடாமல், பாராட்டைக் கேலி என்று எண்ணிக்கொண்டு அனுபவித்த ஆறு வாரத்தை வைத்து அந்த ஊரை எடைபோடுகிறீர்கள். தூங்கி, சாதம் வடித்து, வகுப்புக்குப் போன ஒரு நாலு வாரத்தைப் பார்த்துவிட்டு டிசம்பர் நடுவில் முடிவெடுங்கள். வகுப்புகள் எப்படியும் பிப்ரவரி தொடக்கத்தில் முடிகின்றன.

ஒரே ஒரு இடம் எனக்குக் கவலை தருகிறது: கிறிஸ்துமஸ் விடுமுறை. ஏறக்குறைய இரண்டு வாரம். எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், விடுதி காலியாகும், 25, 26 தேதிகளில் கடைகூட இருக்காது. அந்த நாட்களைத் தனியாகக் கழிக்காதீர்கள். பரிமாற்ற மாணவர்களுக்கு உதவ நியமித்த துணை மாணவர் இருந்தால் அவரிடம், அல்லது சர்வதேச அலுவலகத்திடம், விடுமுறையில் என்ன நடக்கிறது என்று இப்போதே கேளுங்கள்.

எதிர் அறையில் ஸ்பெயினிலிருந்து வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள், ஆறு வாரத்தில் இரண்டு முறைதான் 'ஹலோ' சொல்லியிருக்கிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அவளும் ஒரு செமஸ்டருக்கு வந்தவள். வெயில் நாட்டுக்காரி. இரவு ஒன்பதுக்கு மேல் சாப்பிட்டுப் பழகியவளுக்கு ஆறு மணிக்கே இரவு உணவை முடிக்கும் ஊர் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை எலுமிச்சை சாதம் கிளறுங்கள். கடைகளை சனிக்கிழமைக்குள் பார்த்துவிடுங்கள், ஞாயிறு எல்லாம் மூடிவிடும். நிலக்கடலை கிடைக்கும், கறிவேப்பிலை, கடலைப்பருப்புக்கு அந்த வட்டாரத்தில் இலங்கைத் தமிழர் கடைகள் இருக்கின்றன. ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளியுங்கள். பிறகு அவள் கதவைத் தட்டி, காரம் சாப்பிடுவாயா என்று கேளுங்கள்.